மூன்றாவது சிலிண்டரின் சூடு

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு மார்ச் மாதம் முழுக்க நான் ஒரே ஒரு சிலிண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். புனேவுக்குக் கிழக்கே, ஹடப்சரைத் தாண்டி, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு தனியார் ஓடுதளம் இருந்தது. தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை, அதற்குள் மூன்று சின்ன விமானங்கள், ஓர் அலுவலக அறை, அதில் ஒரு வயர்லெஸ் பெட்டியும் ஒரு தொலைபேசியும். அங்கே பராமரிப்பு இன்ஜினியர் நான். எனக்கு முன்னால் இருந்தவர் வளைகுடாவில் வேலை கிடைத்துப் போய்விட்டார். லைசென்ஸ் கைக்கு வந்த சூட்டோடு மூன்று விமானங்களும் என் தலையில் விழுந்தன.

அப்பா புனேவிலேயே, கட்கியில் ராணுவத் தொழிற்சாலையில் லேத் ஓட்டியவர். குடியாத்தத்திலிருந்து வந்த குடும்பம். என் கணவர் அதே ஊரில் வானவடியில் வளர்ந்த திருச்சிக்காரர். அதே ஓடுதளத்தில் பைலட். விமானம் வைத்திருந்த முதலாளிகளுக்கு அதை ஓட்டிக்கொடுப்பது அவர் வேலை. நான் சரி என்று கையெழுத்துப் போடும் விமானத்தில் அவர் ஏறிப் போவார். கல்யாணமான புதிதில், நான் லைசென்ஸுக்குப் படிக்கும்போதே இதைச் சொல்லிச் சிரித்துக்கொள்வோம். "குழம்புல உப்பு கம்மின்னு சொன்னா நாளைக்கு என் இன்ஜின் என்ன ஆகும்னு பயமா இருக்கு" என்பார்.

அந்த மார்ச்சில் சிரிப்பு நின்றுபோனது.

விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். காரில் ரேடியேட்டர் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. சின்ன விமானத்து இன்ஜினுக்கு அதெல்லாம் கிடையாது. எதிரே அடிக்கும் காற்றுதான் அதைக் குளிர வைக்கும். சிலிண்டர்களைச் சுற்றி மெல்லிய உலோக இதழ்கள் அடுக்கடுக்காக இருக்கும். காற்று அந்த இதழ்களுக்கு நடுவே புகுந்து சூட்டைக் கொண்டுபோக வேண்டும். ஆனால் காற்று கஷ்டப்பட்டு எங்கேயும் நுழையாது. எங்கே இடைவெளி பெரிதாக இருக்கிறதோ அந்த வழியாகத் தப்பிப் போய்விடும். அதைத் தப்பவிடாமல் தடுக்க, இன்ஜினைச் சுற்றி அலுமினியத் தகடுகளால் சுவர்போல அடைத்திருப்பார்கள். தகடுகளின் மேல்விளிம்பில் ரப்பர் பட்டை. இன்ஜினின் மேல்மூடியைப் பூட்டும்போது அந்த ரப்பர் மூடியின் உட்புறத்தில் அழுந்திக்கொள்ளும். இந்த ஏற்பாடு முழுவதற்கும் பாஃபிள் என்று பெயர்.

இன்ஜின் வேலை தெரிந்தவர்கள் இதைத் தகர வேலை என்று கொஞ்சம் இளக்காரமாகத்தான் சொல்வார்கள். தகடு அதிர்ந்து அதிர்ந்து விரிசல் விடும். விரிசல் மேலே ஓடாமல் இருக்க அதன் முனையில் சின்னத் துளை போட்டு, ஒட்டுத் தகடு வைத்து ரிவெட் அடிக்க வேண்டும். எண்ணெயிலும் சூட்டிலும் ரப்பர் மரத்துப்போய் வாழைத்தோல்போலப் பின்பக்கமாக மடங்கிவிடும். வெட்டி எறிந்துவிட்டுப் புதிது போட வேண்டும். மூலை இடுக்குகளில் சூடு தாங்கும் சிவப்புப் பசையைப் பிதுக்கி அடைக்க வேண்டும். கடைசியில் உள்ளே ஒரு பல்பைத் தொங்கவிட்டு, மூடியைப் பூட்டி, கொட்டகைக் கதவையும் சாத்திவிட்டு, எங்கே வெளிச்சம் கசிகிறது என்று பார்க்க வேண்டும். கசிந்த இடமெல்லாம் காற்று ஓடிப்போகும் வழி.

சாகண் பக்கம் தொழிற்சாலை வைத்திருந்த ஒருவருடைய விமானம் அது. நான்கு பேர் உட்காரலாம். நாங்கள் எல்லோரும் அவரை சாஹேப் என்போம். வேறொரு ஊர்ப் பட்டறையில் முழுசாகப் பிரித்துப் பூட்டி வந்த இன்ஜினை, எனக்கு முன்னால் இருந்தவர் விமானத்தில் ஏற்றிவிட்டுப் போயிருந்தார். நான் பொறுப்பேற்ற முதல் வாரமே என் கணவர் இறங்கி வந்து சொன்னார்: "மேல ஏறும்போது சூடு காட்டுற ஊசி சிவப்புக் கோட்டத் தொடுது. மூணாவது சிலிண்டர்."

அதிலிருந்து தினமும் அதே வேலை. பின்பக்கத் தகட்டில் ஒரு விரிசல் இருந்தது, ஒட்டினேன். ரப்பரை முழுக்க மாற்றினேன். பசை போட்டேன். பல்பு வைத்துப் பார்த்தேன், ஊசி நுழையும் அளவுக்குக்கூட வெளிச்சம் இல்லை. அவர் ஏறிப் பறந்தார். சூடு. எரிபொருள் கலவை சரியா என்று பார்த்தேன். தீப்பொறி நேரத்துக்கு விழுகிறதா என்று பார்த்தேன். அளக்கும் ஊசியே பொய் சொல்கிறதோ என்று வேறொன்றை வாங்கி மாட்டினேன். அதுவும் அதையே காட்டியது. கண்ணாடியும் டார்ச்சும் வைத்து அடியிலிருந்து பார்த்தால் புகைக்குழாயும் அதைச் சுற்றிய உறையும் எல்லாவற்றையும் மறைத்தன. அந்த உறைக்கு மேலே என்ன இருக்க வேண்டுமோ அது இருக்கிறது என்று பட்டறைக் காகிதம் சொன்னது.

வீட்டுக்குப் போனாலும் அதே பேச்சு. சோற்றைப் பிசைந்துகொண்டே நான் கேட்பேன், "ஏறும்போது மூக்க எவ்ளோ தூக்குனீங்க?" அவர் தட்டைத் தள்ளி வைப்பார். "எல்லா விமானத்தையும் தூக்குற மாதிரிதான் தூக்குனேன். என் மேல சந்தேகமா?" அவர் மேல் சந்தேகமில்லை. என் மேல்தான். படித்தது, பயிற்சியில் செய்தது எல்லாம் போதாதோ, யாராவது பெரியவர் இருந்திருந்தால் அரை மணியில் கண்டுபிடித்திருப்பாரோ என்று உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. கேட்கவும் ஆள் இல்லை. வளைகுடாவுக்குப் போனவர் கொடுத்த எண்ணில் மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது முறை ரப்பரை மாற்றிய பிறகு சூடு கொஞ்சம் இறங்கியது. சிவப்புக் கோட்டுக்குக் கீழே நின்றது. விதிப்படி பறக்கலாம். எனக்கு மனசு ஒப்பவில்லை. இன்ஜினையே இறக்கிப் பார்த்துவிடலாம் என்று சாஹேபிடம் அனுமதி கேட்டிருந்தேன். அடுத்த வாரம் செய் என்றார்.

ஹோளி அன்று மதியம் சாஹேப் ஜீப்பில் வந்து இறங்கினார். எப்போதும் அதட்டலாகப் பேசும் மனுஷன். அன்று தாழ்ந்த குரலில் சொன்னார். கோலாப்பூரில் அவருடைய அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், டாக்டர் உடனே வரச் சொல்லிவிட்டார். சாலையில் போனால் ராத்திரி ஆகிவிடும். அப்போது அந்தச் சாலை இரண்டு லாரி ஒதுங்கப் போதாத சாலை.

நான் என் கணவரைத் தனியாக அழைத்துப் போனேன். "போகாதீங்க. எனக்கு அந்த இன்ஜின் மேல நம்பிக்கை இல்ல."

"கோட்டுக்குக் கீழதானே இருக்கு?"

"இருக்கு. ஏன் இருக்குன்னு எனக்குத் தெரியல. ஏன் ஏறுச்சுன்னும் தெரியல."

அவர் சாஹேபைத் திரும்பிப் பார்த்தார். சாஹேப் கொட்டகை வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "அவங்க அம்மா" என்றார் என் கணவர். "மெதுவா ஏறுறேன். மூக்கத் தாழ்த்தி வெச்சுக்கறேன். பவர் கூட்ட மாட்டேன். போய் இறங்குனதும் ஃபோன் பண்றேன்."

நான் போய்ச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டைகளை எடுத்தேன். விமானம் ஓடுதளத்தின் முக்கால்வாசியைத் தின்றுவிட்டுத்தான் எழும்பியது. தெற்கே மலைப்பக்கம் சின்னதாகிப் போய் மறைந்தது.

கொட்டகையில் எனக்கு உதவியாக ஒரு மெக்கானிக் இருந்தார். சாஸ்வட் பக்கத்து மராத்திக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். நான் அவரைக் காகா, அதாவது சித்தப்பா, என்பேன், அவர் என்னைத் தாயி என்பார், அக்கா என்று அர்த்தம். அன்று சாயங்காலம் அவருடைய தெருவில் ஹோளி கொளுத்துவதற்கு விறகு வேண்டும் என்று, கொட்டகைப் பின்னால் கிடந்த மரப்பெட்டியைக் கேட்டிருந்தார். பட்டறையிலிருந்து இன்ஜின் வந்த பெட்டி. எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தேன். விமானம் போனதும் அவர் சுத்தியலை எடுத்துக்கொண்டு போய்ப் பலகைகளைப் பெயர்க்க ஆரம்பித்தார்.

நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். சுத்தியல் சத்தம் நின்றது. காகா உள்ளே வந்தார். கையில் எண்ணெய்க் காகிதம் பாதி ஒட்டிய, உள்ளங்கை அகலத்துக்கு வளைந்த ஒரு தகடு.

"தாயி, ஹா பத்ரா கஷாச்சா?" இந்தத் தகடு எதற்கு என்று கேட்டார்.

சோப்புக் கையோடு அதை வாங்கினேன். அது என்னவென்று தெரிய ஒரு நொடிகூட ஆகவில்லை. இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவில், அடிப்பக்கம், யார் கண்ணுக்கும் படாத இடத்தில் பொருத்த வேண்டிய தகடு. மேலேயிருந்து இறங்கும் காற்றைச் சிலிண்டரின் அடிவயிறு வரைக்கும் ஒட்டிப் போகச் செய்வது அதுதான். அது இல்லாவிட்டால் மேலே எத்தனை ரப்பர் மாற்றினாலும், எவ்வளவு பசை பூசினாலும், காற்று பாதி வழியில் சிலிண்டரை விட்டு விலகிப் போய்விடும். மேல்பக்கம் ஆறும், அடிப்பக்கம் வேகும். பட்டறையில் அதைப் பூட்டாமல் பெட்டிக்குள் தனியாகப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். இங்கே பெட்டியைப் பிரித்தவர் பார்க்கவில்லை.

அதோடு இன்னொன்றும் புரிந்தது. இத்தனை நாளாக அந்தச் சிலிண்டர் வெந்துகொண்டிருக்கிறது. ஊசி காட்டுவது ஓரிடத்துச் சூட்டை மட்டும்தான். அடியில் உலோகம் என்ன கதியில் இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

அலுவலகத்துக்கு ஓடினேன். வயர்லெஸ்ஸை எடுத்துக் கூப்பிட்டேன். இரைச்சல் மட்டும் வந்தது. எங்கள் பெட்டி சின்னது, விமானம் அதன் எல்லையைத் தாண்டியிருக்கும். மறுபடி கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. காகா வாசலில் நின்றுகொண்டு, "காய் ஜாலா தாயி, காய் ஜாலா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். என்ன ஆயிற்று என்றுதான்.

தொலைபேசியில் பெரிய விமான நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையைப் பிடித்தேன். இரண்டு தடவை எங்கேஜ்டு. மூன்றாவது தடவை ஒரு ஆண் குரல் இந்தியில் பேசியது. நானும் இந்தியில் ஆரம்பித்தேன். விமானத்தின் அடையாள எழுத்துகளையும் போகும் வழியையும் சொல்லிவிட்டேன். இன்ஜினில் ஒரு தகடு இல்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில், பிறந்ததிலிருந்து பேசிய இந்தி என்னைக் கைவிட்டது. "ஐயோ, இத எப்படிச் சொல்றது" என்று முனகினேன்.

"தமிழ்லயே சொல்லுங்கம்மா" என்றது அந்தக் குரல்.

சொன்னேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். "பவரக் குறைக்கச் சொல்லுங்க சார். இனிமே மேல ஏறவே கூடாது. மூணாவது சிலிண்டர் எப்ப வேணா உடையும். கோலாப்பூர் போக வேணாம், நடுவுல கராட்ல சின்ன ரன்வே இருக்கு, அங்க இறங்கச் சொல்லுங்க."

"ஓட்டுறது யாரு?"

"என் வீட்டுக்காரர்."

"லைன்லயே இருங்கம்மா."

ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டேன். அவர் ஆங்கிலத்தில் கூப்பிடுவது கேட்டது. நிறுத்துவார், காத்திருப்பார், மறுபடி கூப்பிடுவார். மூன்றாவது சிலிண்டர், பவர் குறை, கராட். ஒவ்வொரு தடவையும் அவர் நிறுத்தும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். பதில் வருகிற சத்தம் ஒரு தடவைகூட வரவில்லை.

"பதில் இல்லம்மா" என்றார் கடைசியில்.

"கேக்கவே இல்லையா சார் அவருக்கு?"

"அப்படிச் சொல்ல முடியாது. எங்க மெஷின் பெருசு. அவர் மலைக்கு அந்தப் பக்கம் தாழப் பறந்தா, நாங்க சொல்றது அவருக்குக் கேக்கலாம், அவர் சொல்றது எங்களுக்கு வராம போகலாம். கேக்குதுன்னு நெனச்சுக்கிட்டு நான் சொல்லிக்கிட்டே இருக்கேன். நீங்க ஃபோன வெச்சிட்டு கராட்டுக்கு யாரையாச்சும் பிடிங்க."

கராட் எண் கிடைக்கவே இல்லை. பண்டிகை நாள், அந்த ஓடுதளத்தில் யாரும் இல்லை போலிருக்கிறது. கோலாப்பூரில் சாஹேபின் தம்பி காரோடு காத்திருந்தார். போய்ச் சேர வேண்டிய நேரம் தாண்டிய பிறகு அவர் எங்கள் அலுவலகத்துக்கு ஃபோன் செய்து, "இன்னும் கிளம்பலையா?" என்று கேட்டார். கிளம்பிவிட்டது என்று நான் சொன்னதும் அவர் ஃபோனை வைத்துவிட்டார்.

அந்த அறையில் உட்கார முடியவில்லை. சுவரில் ஒரு தேசப்படம், மேஜையில் அந்தத் தகடு. சாஹேபின் ஜீப் டிரைவர் வெளியே பீடி பிடித்துக்கொண்டிருந்தார். கராட் போகலாம் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். காகா விறகை அப்படியே போட்டுவிட்டு முன்சீட்டில் ஏறிக்கொண்டார். வீட்டில் பூரண போளி செய்து வைத்துக் காத்திருப்பார்கள் என்றுகூட அவர் சொல்லவில்லை.

காத்ரஜ் சுரங்கத்தைத் தாண்டும்போது வெயில் இருந்தது. கம்பாட்கி காட் மலைப்பாதையில் ஏறும்போது லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர்ந்தோம். வலது பக்கம், இடது பக்கம், மலைச் சரிவுகளிலெல்லாம் வெள்ளையாக எதையாவது தேடிக்கொண்டே வந்தேன். பாறை வெள்ளையாகத் தெரியும். கோவில் சுவர் வெள்ளையாகத் தெரியும். ஒவ்வொரு தடவையும் தலையை வெளியே நீட்டிப் பார்ப்பேன்.

இருட்டத் தொடங்கியதும் கிராமங்களில் ஹோளி கொளுத்தினார்கள். நான் சின்ன வயதிலிருந்து பார்த்த நெருப்பு. கட்கியில் எங்கள் காலனியிலும் கொளுத்துவார்கள், அப்பா எங்களைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுவார். அன்றைக்கு அந்தச் சமவெளி முழுக்க அங்கங்கே நெருப்பு எரிந்தது. தூரத்தில் வயல் நடுவில் ஒரு ஜுவாலை எழும்பும்போதெல்லாம் அதுதான் விமானம் என்று நினைத்தேன். கிட்டே போனால் ஆட்கள் சுற்றி நின்று கைதட்டிக்கொண்டிருப்பார்கள். இல்லை என்று தெரிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்த நெருப்பு தெரியும். "நிறுத்துங்க, அது என்னன்னு பாருங்க" என்று இரண்டு தடவை ஜீப்பை நிறுத்தச் சொன்னேன். மூன்றாவது தடவை காகா திரும்பி, "ஹோளி ஆஹே தாயி, நுஸ்தி ஹோளி" என்றார். வெறும் ஹோளிதான். கண்ணை மூடிக்கொண்டேன். மூடினாலும் இமைக்குள்ளே சிவப்பாகவே இருந்தது.

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் ஒரு சந்திப்பில் மஞ்சள் போர்டு போட்ட எஸ்டிடி பூத் திறந்திருந்தது. சாஹேபின் வீட்டுக்கு ஃபோன் செய்தேன். அவருடைய மனைவி எடுத்தார். நான் யாரென்று சொன்னதும் அழ ஆரம்பித்தார். அந்த அழுகை எதற்கு என்று தெரிவதற்குள் நான் பூத்தின் கண்ணாடிக் கதவைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டேன். ஒயர் எட்டவில்லை. ரிசீவர் மேலே தொங்கியது. காகாதான் எடுத்துப் பேசினார். பேசிவிட்டுக் குனிந்து என்னிடம் சொன்னார்: "தோகேஹி ஜிவந்த் ஆஹேத்." இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். கராட்டில் ஆஸ்பத்திரியில்.

கராட் ஓடுதளத்தை எட்டுவதற்குச் சற்று முன்னால் சிலிண்டர் தலை பிளந்து இன்ஜின் உதறியடித்து நின்றிருக்கிறது. என் கணவர் கரும்புக்குள் இறக்கினார். ஆளுயரக் கரும்பு சக்கரத்தைப் பிடித்து விமானத்தைக் குப்புறப் புரட்டிவிட்டது. சாஹேபுக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்திருந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு அவர் கோலாப்பூருக்குக் காரில் போயிருந்தார். அவர் போய்ச் சேர்வதற்கு முன்பே அம்மா இறந்துவிட்டார் என்பது மறுநாள்தான் எங்களுக்குத் தெரியும்.

என் கணவரை ஒரு பலகையில் கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். முகத்தில் கரும்பு இலை கிழித்த கோடுகள். கண் திறந்திருந்தது.

"மூணாவதுதானே?" என்றார்.

"ஆமா."

"கேட்டுச்சு. யாரோ ஒருத்தர் சொல்லிக்கிட்டே இருந்தார். பதில் சொன்னேன், அவருக்குப் போகல. அவர் சொல்லும்போது நான் பவர ஏத்தப் போய்க்கிட்டிருந்தேன், சாஹேப் அவசரப்பட்டாரு. கைய எடுத்துட்டு கராட் பக்கம் திருப்பிட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "காலு எங்க இருக்குன்னு தெரியல எனக்கு."

நான் போர்வைக்கு மேலே அவருடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். "இதோ இருக்கு" என்றேன். நான் பிடித்திருப்பது அவருக்குத் தெரியவில்லை.

முதுகெலும்பு. புனேவில் இரண்டு அறுவை சிகிச்சைகள். ஒரு காலில் உணர்வு திரும்பியது, இன்னொன்றில் பாதி. விசாரணைக்கு ஆட்கள் வந்தார்கள். தகட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அவர்களிடம் கொடுத்தேன். பெட்டியில் வைத்து அனுப்பினோம், பூட்ட வேண்டியது அவர்கள் என்றது பட்டறை. வளைகுடாவிலிருந்தவர் பதிலே எழுதவில்லை. யார் தப்பு என்று கடைசி வரைக்கும் எந்தத் தாளிலும் வரவில்லை. அதற்காக முதலில் கொதித்தேன். பிறகு அதற்கும் தெம்பில்லாமல் போனது.

அந்த வருடத்தை எப்படிக் கடந்தோம் என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது. அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். வைத்த சோறு வைத்தபடி இருக்கும். பார்க்க வருகிறவர்களிடம் பேச மாட்டார். விமானம் ஓட்ட மருத்துவத் தகுதி இனிக் கிடையாது என்று கடிதம் வந்த அன்று, அதைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். "அந்த ஆளு சொன்னது என் காதுல விழாமலே இருந்திருக்கலாம்" என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தேன். முனையில் கரும்புச்சாறு வண்டி நின்றது. அந்த வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டேன். எங்கே போவதென்று தெரியாமல் அங்கேயே வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

கொட்டகையில் நிலைமை வேறு மாதிரி. மீதி இரண்டு விமானங்களும் என் பொறுப்பில்தான் இருந்தன. வேலையை விட வழியில்லை, வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருத்திதான். பாஃபிள் தகடுகளைப் பார்ப்பேன், எண்ணுவேன், அடியில் கைவிட்டுத் தடவுவேன், மூடியைப் பூட்டுவேன். ஸ்கூட்டரில் பாதி தூரம் போனதும் ஏதோ ஒன்று இல்லை என்று தோன்றும். திரும்பி வந்து மூடியைக் கழற்றுவேன். காகா முதலில் கூடவே இருந்தார். பிறகு எரிச்சல்பட ஆரம்பித்தார். "பஸ் கேலி தாயி" என்பார், பஸ் போய்விட்டது என்று. நியாயம்தான். எனக்குக் கை நிற்கவில்லை. மூடிய மூடிக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்ப முடியாத வியாதி வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஒரு தம்பதி வந்தார்கள். அந்த ஆள் வாசலில் நின்று, "இது பைலட் சாரோட வீடுதானுங்களே?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது.

"யாரது?" என்றார் என் கணவர். பல மாதங்களுக்குப் பிறகு சத்தமாக வந்த குரல்.

வந்தவர் தயங்கினார். "நான் கன்ட்ரோல் ரூம்ல இருக்கேன் சார். அன்னிக்கு டியூட்டில..."

"உள்ள வாங்க. உள்ள வந்து பேசுங்க. அந்தக் குரலேதான்."

அவர் மனைவி கொண்டுவந்த முறுக்கு டப்பாவோடு என்னிடம் சமையலறைக்கு வந்துவிட்டார். அறைக்குள் இரண்டு ஆண்களும் பேசினார்கள். எத்தனையாவது அழைப்பு காதில் விழுந்தது, அப்போது விமானம் எந்த மலைக்கு மேல் இருந்தது, என்ன உயரம், பதில் ஏன் போய்ச் சேரவில்லை. "இருபது முப்பது தடவ சொன்னேன் சார், அப்புறம் தொண்ட கட்டிடுச்சு" என்றார் வந்தவர். "கடைசி வரைக்கும் நீங்க போயிட்டீங்கன்னுதான் நெனச்சேன். ஃபோன்ல இவங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே கூப்பிட்டேன்." நான் டீ கொண்டுபோனபோது என் கணவர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். விடவில்லை. அவர்கள் போகும்போது கட்டிலில் தானாக எழுந்து உட்கார்ந்து, "அடுத்த ஞாயிறு வாங்க" என்றார்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. ஊன்றுகோல் பிடித்து வாசல் வரை நடக்க இன்னொரு வருடம் ஆனது. நடுவில் எத்தனையோ நாட்கள் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் சவரம் செய்துகொண்டார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஊரில் பாதிப் பேருக்குப் பிள்ளைகளைப் பைலட் ஆக்கும் ஆசை வந்தது. பாணேரில் ஒரு பயிற்சி வகுப்பில் அவர் வானிலையும் திசையறிதலும் சொல்லித்தரப் போனார். நல்ல வாத்தியார் என்று பெயர். விமானம் ஓட்டிய கதை எதுவும் வகுப்பில் சொல்வதில்லை. நான் வேறொரு பெரிய கொட்டகைக்கு மாறினேன். பட்டறையிலிருந்து எந்த இன்ஜின் வந்தாலும், புகைக்குழாயைக் கழற்றி அடித்தகடுகளைக் கண்ணால் பார்க்காமல் ஏற்றவிட மாட்டேன். ஒரு நாள் வேலை கூடும். முதலாளிகள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். பக்கத்து மகர்பட்டாவில் கட்டடங்கள் எழும்பி, எங்கள் தெருவிலிருந்து பார்த்தால் வானம் துண்டு துண்டாகத் தெரிய ஆரம்பித்திருந்தது.

என் தங்கையின் கல்யாணத்தை அப்பா குடியாத்தத்தில் வைத்தார். ரயிலில் அவ்வளவு நேரம் உட்கார என் கணவரின் முதுகு தாங்காது. சென்னைக்கு விமானத்தில் போக வேண்டும் என்று நான் சொன்னபோது அவர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். கரும்புக்குள் விழுந்ததற்குப் பிறகு அவர் தரையை விட்டு எழும்பியதே இல்லை.

ஜன்னல் சீட்டு வேண்டாம் என்றார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். விமானம் ஓடத் தொடங்கியதும் அவர் முன்சீட்டின் அடியைப் பார்த்துக்கொண்டு, கைப்பிடியை இரண்டு கைகளாலும் பிடித்தார். சக்கரம் தரையை விட்டது. அவருடைய உதடு ஏதோ முணுமுணுத்தது, சாமி பெயரா, வேகக் கணக்கா என்று தெரியவில்லை. நான் தொடவில்லை. தொட்டால் உடைந்துவிடுவார் என்று தோன்றியது.

விமானம் நிமிர்ந்து சீரான பிறகு வெகுநேரம் கழித்து, "மாறி உக்காரலாமா?" என்று கேட்டார்.

எழுந்து மாறிக்கொண்டோம். உணர்வு குறைந்த அந்தக் கால் சீட்டு இடுக்கில் மாட்டிக்கொண்டது, குனிந்து இழுத்துவிட்டேன். அவர் நெற்றியை ஜன்னலில் வைத்துக்கொண்டு கீழே பார்த்தார். வெயில் காய்ந்த தக்காணம், ஒரு ஏரி, ஒரு சாலை. மேகம் வந்து எல்லாவற்றையும் மூடும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார். டீ வந்தது. அவருக்கும் ஒன்று வாங்கி வைத்தேன்.